கோமதி அக்கா தட்டிய கதவு

கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. பள்ளி ஆயா வாசலில் நின்று, "டீச்சர், போன வருசம் பத்தாவது படிச்ச கோமதி செத்துப் பூட்டாளாம். மாடல் பட்டறையில மயங்கி உழுந்துட்டாளாம்" என்றார். சாயங்காலம் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மயக்கம் விஷமாக மாறியிருந்தது. யாரோ ஒரு பையனுக்காகக் குடித்துவிட்டாள் என்று பட்டறை முதலாளி பூபதி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இருட்டுவதற்குள் எரித்தும்விட்டார்கள். கோமதியின் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அழுவதற்குக்கூட வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தார்.

கோமதி அக்காவோடு படித்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும். என் அப்பாதான் அந்தப் பட்டறையில் பெயிண்ட் அடிப்பவர். அதனால் நான் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தயவுசெய்து வெளியே சொல்லாதீர்கள்.

சுங்குவார்சத்திரம் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது பட்டறை. கம்பெனிகளின் கண்ணாடி அலமாரியில் வைப்பதற்காக மரத்தில் சின்ன லாரியும் டிராக்டரும் செய்வார்கள். லீவு நாட்களில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனால், அக்கா ஒரு லாரியை மடியில் வைத்து வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பாள். பட்டி போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்துத் தேய்த்து, கறுப்பு அடித்து மறுபடியும் தேய்த்து, அதற்குப் பிறகுதான் வெள்ளி. கண்ணில் படுகிற ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு பெயர் வைப்பாள்.

"இது எங்க சித்தப்பா. எங்க நெலத்த ஏமாத்தி எழுதி வாங்கினவரு." தேய்ப்பாள். "இது பி.டி. டீச்சர். என்ன வெயில்ல நிக்க வெச்சிது." இன்னும் அழுத்தித் தேய்ப்பாள்.

நான் சிரித்தால், "இன்னாடி சிரிக்கிற? மத்த கலருன்னா கீறல மூடிக்கும். வெள்ளி காட்டிக் குடுத்துரும். நானும் ஒருத்தரையும் மறக்க மாட்டேன்" என்பாள்.

மன்னிக்கிற குணம் அவளிடம் கிடையாது. இறந்தவர்களைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். நான் இதை நல்லதாகத்தான் சொல்கிறேன்.

தேய்த்து முடித்த மாடலை அவள் வெறுங்கையால் தொட மாட்டாள். துவைத்த வேட்டித் துணியில்தான் பிடிப்பாள். ஒருமுறை பூபதி பஜ்ஜி தின்ற கையோடு லாரியின் முகப்பைத் தடவிப் பார்த்தார். மறுநாள் வெள்ளி அடித்ததும், விரல் பட்ட இடத்திலெல்லாம் பெயிண்ட் ஒட்டாமல் விலகிக் குழிகுழியாக நின்றது. வாங்க வந்த கம்பெனிக்காரர் எதிரிலேயே அக்கா, "சார், இது நீங்க துன்ன பஜ்ஜி. கையத் தொடச்சிக்கினு வந்திருக்கலாம்ல?" என்றாள். அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். பூபதியும் சிரித்தார், பல்லால் மட்டும்.

ஈர வெள்ளியில் ரோட்டுப் புழுதி பட்டால் மாடல் வீண். ஆகவே பெயிண்ட் அறையின் ஜன்னலைப் பேப்பர் ஒட்டி அடைத்திருப்பார்கள். உள்ளே அடிக்கும்போது யாரும் தெரியாமல் திறந்துவிடக் கூடாது என்று வெளியே தாழ்ப்பாள் போடுவார்கள். வாசலில் ஒரு ஆள் உட்கார்ந்தே இருக்க வேண்டும். பெயிண்டில் கலக்கும் தின்னரின் நெடி தாங்காமல் உள்ளேயிருப்பவர் மூன்று தட்டு தட்டினால் உடனே திறக்க வேண்டும். இது பட்டறை வழக்கம். அக்கா இறந்த அன்று அப்பாவைக் காஞ்சிபுரத்துக்குப் பெயிண்ட் வாங்க அனுப்பிவிட்டு, அவசர ஆர்டர் என்று அக்காவை வெள்ளி பெயிண்ட் அடிக்கச் சொன்னார் பூபதி. வாசலில் உட்கார வேண்டியவர் அவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கும்படி அப்பாவுக்கு உத்தரவு. அப்பா கதவை ஒருமுறை பார்த்தார். உப்புத்தாளை என்னிடம் நீட்டி, "நீ தேய்ம்மா. எனக்குக் கையி வரல" என்றார்.

கதவின் உள்பக்கமெல்லாம் வெள்ளிக் கைத்தடங்கள். தாழ்ப்பாளுக்கு நேராக நிறைய. அப்புறம் இடுப்பளவில். கடைசியாகத் தரையை ஒட்டி. மூன்று தட்டுக்குத் திறந்திருந்தால் இத்தனை கைகள் எதற்கு?

நான் அவற்றைத் தேய்க்கவில்லை. அப்பா டீ குடிக்கப் போயிருந்தபோது, கரண்ட் போனால் ஏற்றுவதற்கு வைத்திருந்த மெழுகுவர்த்தியை எடுத்து ஒவ்வொரு கையின் மேலும் அழுத்திப் பூசினேன். அப்பாவுக்கு இது தெரியாது. அன்று அவர் கண்ணாடி போட்டுக்கொள்ளாமலே பெயிண்ட் அடித்தார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பட்டறையைக் கழுவ, வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் போவோம். தன் பெருந்தன்மையைக் காட்டிக்கொள்ள, பூபதி கோமதியின் அம்மாவையும் கூப்பிட்டிருந்தார். அந்தக் கதவு அந்த அம்மாவின் பங்குக்கு வந்தது. தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தார். பச்சை தோல்தோலாகக் கழன்றது. கைகள் வெளியே வந்தன.

"பசங்க வெளையாடிக்கீதுங்க" என்றார் பூபதி.

கோமதியின் அம்மா திரும்பினார். நாரை இன்னும் கையில் பிடித்திருந்தார். "வெசம் குடிச்சவ எதுக்குய்யா கதவத் தட்டுனா? அப்ப நீ எங்கய்யா போயிருந்த?"

கழுவ உதவிக்கு வந்திருந்த டீக்கடைக்காரம்மா கையில் துடைப்பத்தோடு நின்றிருந்தார். "அன்னிக்கி சோறு துன்னுட்டு எங்க கடையிலதான் பீடா போட்டுக்கினு குந்திக்கினு இருந்தாரு. ரொம்ப நேரம்" என்றார்.

இந்த வருடம் மே மாதம் பக்கத்து ஊர்ப் பொதுக்கூட்டத்தில் குண்டு வெடித்து, போலீஸ் வீடு வீடாக விசாரித்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் போலீஸ் என்றாலே வீட்டுக்குள் ஓடுகிறார்கள். அப்படியிருந்தும் ஐந்து பெண்கள் கதவைக் கீலோடு கழற்றி, கட்டை வண்டியில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பூபதி தடுக்கவில்லை. "பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி கதவத் தேச்சது யாரு?" என்று மட்டும் கேட்டார். "நான்தான்" என்றார் அப்பா. அவருக்கு இப்போது வேலை இல்லை.

மூன்று தட்டு வழக்கம் உங்களில் பட்டறைப் பக்கம் வந்த எல்லோருக்கும் தெரியும். ஸ்டேஷனில் கேட்டால் சொல்லுங்கள். அக்கா யாருக்காகவும் விஷம் குடிக்கிறவள் இல்லை என்று கேட்காதவர்களிடமும் சொல்லுங்கள்.

அவள் ஞாபகமாக எதையாவது எடுத்துக்கொள் என்று அவளுடைய அம்மா பெட்டியைத் திறந்து காட்டினார். நான் எதையும் எடுக்கவில்லை. அக்காவுக்கு யாரிடமும் பயம் கிடையாது; அது எனக்கு வரவில்லை, நாய் குரைத்தால் விளக்கை அணைத்துவிடுகிறேன். அவளுடைய கோபம் மட்டும் வந்திருக்கிறது. அது என்னிடம்தான் இருக்கும். பூபதி ஜெயிலுக்குப் போனாலும் திருப்பித் தர மாட்டேன்.