நாலு மூலையிலும் மஞ்சள்

அந்த மே மாதத்தை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது கம்பெனி பஸ்களின் ஜன்னல்கள்தான். விடிந்தும் விடியாமலும் பிள்ளைப்பாக்கம் ரோட்டில் வரிசையாகப் போகும். ஜன்னலுக்கு ஒரு பெண் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கும். எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை. பஸ் ஓடுகிறதா, அந்தத் தூக்கம்தான் ஓடுகிறதா என்று தோன்றும். வாசல் தெளித்த வாளியோடு நான் அப்படியே நின்றுவிடுவேன்.

என் மகள் சட்டம் படிக்கிறாள். எங்கள் வீட்டில் கோர்ட்டுப் படி ஏறினவர்கள் யாருமில்லை. நான் எட்டாவதோடு சரி. கோடை லீவில் ஒரு மாதம் ஒரு வக்கீலிடம் வேலை பார்த்து, அவர் கையெழுத்துப் போட்ட தாளைக் கல்லூரியில் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு மாமா, சித்தப்பா என்று வக்கீல்கள் இருந்தார்கள். எங்கள் சொந்தமெல்லாம் கம்பெனி லைனில் நின்று வேலை பார்க்கிறவர்களும் வேன் ஓட்டுகிறவர்களும்தான். லீவில் பாதி போய்விட்டது. நாங்கள் தேடிப் புறப்பட்ட அன்றைக்கே இடம் கிடைக்காவிட்டால் மாதம் நிரம்பாது.

“இன்னாத்துக்கு அலையறீங்க? எம் பொண்ணு கூட லைன்ல வுடு. நாளைக்கே ஐடி கார்டு” என்றாள் எதிர்வீட்டு அக்கா.

“நான் லைன்ல நின்னா சூப்பர்வைசருக்கு சட்டம் பேசுவேன் பெரிம்மா. ரெண்டாம் நாளே கேட்டுக்கு வெளிய நிப்பேன்” என்றாள் மகள்.

நல்ல காரியத்துக்குப் போகிற காகிதம் எதுவானாலும் அம்மன் காலடியில் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம் இட்டு எடுப்பது எங்கள் வழக்கம். கல்யாணப் பத்திரிகைக்கும் அப்படித்தான், பத்திரத்துக்கும் அப்படித்தான். அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, அச்சடித்து வைத்திருந்த மூன்று பயோடேட்டாவையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்தேன். அம்மனுக்கு வக்கீல் ஆபீஸ் வழி தெரியாமலா போகும் என்று நினைத்தேன். மகளிடம் சொல்லவில்லை. மூன்றையும் திரும்ப அதனதன் கவரில் போட்டு ஒட்டிவிட்டேன்.

முதல் ஆபீஸ் ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டுக்கு எதிரே, மாடியில். குமாஸ்தா கவரைப் பிரித்தார். மஞ்சளைப் பார்த்தார்.

“முகூர்த்தம் எப்பம்மா? சார் ஊர்ல இல்ல. நான் சாப்பாட்டுக்கு வந்துடறேன்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். வேலைக்கு வந்திருக்கிறோம் என்றதும் இன்னும் சிரித்தார்கள். மகளுடைய காது சிவந்துபோனது. இரண்டாவது ஆபீஸில், “ஆம்பளப் புள்ளயா இருந்தா கோர்ட்டுக்கும் ஆபீஸுக்கும் ஓடுவான்” என்று கவரைப் பிரிக்காமலே திருப்பித் தந்தார்கள்.

படி இறங்கும்போது, “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்லம்மா” என்றாள். சத்தமே போடவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். புதிதாக அச்செடுக்க அங்கே கம்ப்யூட்டர் ஓடவில்லை, ஜெராக்ஸ் மட்டும்தான். அவள் போனிலும் சார்ஜ் இல்லை.

“அண்ணா, மூலை மட்டும் இல்லாம வருமா?”

“மூலை இல்லாம பேப்பர் எப்டிம்மா வரும்?”

நகல் வந்தது. குங்குமம் இருந்த இடமெல்லாம் மை கொட்டினதுபோல் நாலு கறுப்புத் திட்டு. அதையே எடுத்துக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்கு பஸ் ஏறினோம்.

அங்கே ஒரு வக்கீலம்மா, கம்பெனியில் அடிபட்டவர்களுக்காகக் கேஸ் நடத்துகிறவர். மெஸ்ஸுக்கு மேலே ஒரே அறை. பெஞ்சில் காத்திருந்தோம். மின்விசிறி பஸ் ஓடுவதுபோல் ஒரே சீராக இரைந்தது. கண்ணை மூடி அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தோளில் ஏதோ பாரம். விரலில் கட்டுப் போட்ட ஒரு பெண், கம்பெனிச் சட்டையோடு, தூக்கத்தில் என் மேல் சாய்ந்திருந்தாள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த அத்தனை தலைகளும் இறங்கி வந்து என் தோளில் சாய்ந்துகொண்ட மாதிரி இருந்தது. நான் அசையவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ.

கூப்பிட்டார்கள். அந்தப் பெண் பதறி எழுந்து, “மன்னிச்சிக்கோங்கம்மா, ஷிப்டு முடிச்சு அப்படியே வாரேன்” என்றாள். குரல் தெற்குப் பக்கத்துக் குரல்.

வக்கீலம்மா தாளைத் தூக்கிப் பிடித்தார். “மூலைக்கு மூலை இன்னா கறுப்பு? மிஷின் கோளாறா?”

ஆமாம் என்று சொல்லிவிடு தாயே என்று மகளை மனசுக்குள் கெஞ்சினேன்.

“இல்ல மேடம். எங்கம்மா கோயில்ல வச்சு மஞ்சள் குங்குமம் தடவிட்டாங்க. அத ஜெராக்ஸ் எடுத்தா இப்டி வந்துச்சு.”

“கோளாறுன்னே வுட்டிருக்கலாமே?”

“கேட்டீங்க. சொன்னேன்.”

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். பிறகு, கட்டுப் போட்ட பெண்ணைக் காட்டி மகளிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். “விரல் எப்டிப் போச்சுன்னு இந்தப் பொண்ணு சொல்லும். சொன்னத சொன்னபடி எழுது. கூட்டாத, குறைக்காத.”

மகள் எழுதினாள். நடுவில் ஒருதரம் பேனாவை நிறுத்தி, “வலிக்குதாக்கா? மெதுவாச் சொல்லுங்க” என்றாள். வக்கீலம்மா படித்துப் பார்த்துவிட்டு, “நாளைக்கு ஒம்போது மணிக்கு வந்துரு” என்றார். அவ்வளவுதான். நான் கும்பிட்ட கையை இறக்கவே மறந்துபோனேன்.

மறுநாள் காலையில் மகள் புது நோட்டோடு வாசலுக்கு வந்தாள். என் விரலில் மஞ்சள் இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

“வெக்கறதுன்னா அட்டையில வெய்யி. உள்ள எழுதணும்.”

அட்டையின் பின்பக்கம், சின்னதாய் ஒரு பொட்டு வைத்தேன். அவள் ஏறின டவுன் பஸ் கம்பெனி பஸ்களுக்கு நடுவே புகுந்து போனது. அதன் ஜன்னல் ஒன்றில் மட்டும் ஒரு தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.