நகங்கள் குறித்த தேதி

தூத்துக்குடித் துறைமுகத்தில் நாற்பத்தோர் ஆண்டுகளாகச் சரக்குச் சேத ஆய்வாளராக இருப்பவன் நான். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். கப்பலில் வந்த மூட்டை நனைந்திருந்தால், நனைத்தது மழையா கடலா, அது நேர்ந்தது எந்த வாரத்தில் என்று எழுதிக் கையொப்பமிடுவது என் பணி. கேப்டன் மழை என்பார். நனைந்த சாக்கின் மேல் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடுவேன்; பால்போல் வெளுத்தால் கடல்நீர். அதற்குமேல் பேச்சில்லை. என் அறிக்கை எதுவும் இதுவரை திருத்தப்பட்டதில்லை.

உடல்நலத்திலும் எனக்கு அத்தகைய பெயரே இருந்தது. அறுபத்தேழு வயதுவரை காய்ச்சலென்று ஒருநாளும் படுக்காதவர் என்பார்கள். அந்தப் பெயரைக் கவனமாகக் காத்துவந்தவனும் நானே.

சென்ற ஆண்டின் இறுதியில், மாலை நேரங்களில் குளிர் எடுக்கத் தொடங்கியது. கப்பலின் ஏணியில் பாதி ஏறியதும் மூச்சு வாங்கியது. ஒரு மாதத்தில் சட்டைக் கழுத்து தொளதொளத்தது. என் மனைவி பிலோமினா என்னைக் கேளாமலே மருத்துவமனைக்கு வண்டி வரவழைத்தாள்.

மருத்துவர் ஷமீமா காயல்பட்டினத்துக்காரர். என் மகளைவிட இளையவர். இதயத்தில் ஒரு முணுமுணுப்பு (வால்வு சரியாக மூடாதபோது எழும் ஒலி) கேட்பதாகச் சொன்னார். கிருமி வளர்ப்புச் சோதனைக்கு (இரத்தத்தைப் புட்டியில் வைத்து, கிருமி பெருகுகிறதா என்று பார்ப்பது) மூன்று முறை இரத்தம் எடுத்தார்கள். மூன்றிலும் ஒன்றும் வளரவில்லை. காய்ச்சலோ ஏறிக்கொண்டிருந்தது.

"இதுக்கு முன்னாடி காய்ச்சல் வந்துச்சா சார்? மாத்திரை ஏதும் சாப்பிட்டீங்களா?" என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். மறுநாளும் கேட்டார். சோதனை முடிவுகள் வந்தபோதும் கேட்டார்.

ஐந்தாம் நாள் காலை நாடி பார்க்க என் கையைப் பிடித்தவர், பெருவிரலைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு விரலாகத் தடவினார்.

"விரல்ல அடிபட்டுச்சா சார்?"

"இல்லை."

"பத்து விரல்லயும் அடிபட்டிருக்காதுல்லா?"

பத்து நகங்களிலும் ஏறத்தாழ ஒரே தொலைவில் குறுக்காக ஒரு பள்ளம் ஓடியிருந்தது. சட்டைப்பையிலிருந்த சிறு அளவுகோலை அவர் அதன்மேல் வைத்தார்.

"நகம் கெரட்டின் சார் (முடி, நகம், கொம்பு, தோலின் மேலடுக்கு ஆகியவற்றை ஆக்கும் புரதம்). வெளிய தெரியிறதுல உயிர் கிடையாது. வேருக்குத்தான் உயிர். உடம்பு பெரிய ஆபத்துல இருந்தா வேர் வேலைய நிறுத்திரும். தேறினதும் மறுபடி ஆரம்பிக்கும். நின்ன இடம் பள்ளமாத் தெரியும். மாசத்துக்கு மூணு மில்லிமீட்டர் வளரும். உங்க வயசுக்குக் கொஞ்சம் குறைவு. ரெண்டரை, மூணு மாசத்துக்கு முந்தி நீங்க நல்லாப் படுத்திருக்கணும்."

பிலோமினா குறுக்கிட்டாள். "படுக்கலயேம்மா. அப்ப பருப்புக் கப்பல் வேலைக்கில்லா போனாவ. பத்து நாளும் ஆபீஸ்லயே தங்கிட்டாவ."

சொல்லி முடிக்குமுன் அவளுக்கே விளங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

கால்மாட்டில் நின்ற அவள் தம்பி சேவியர், "அத்தான், ஒரு கேப்டன் உங்க முன்னால இப்படிப் பேசாம நின்னா நீங்க என்ன எழுதுவிய?" என்றார்.

நான் சொன்னேன். பல் பிடுங்கிய சில நாள்களில் கடுங்காய்ச்சல் வந்தது. அந்தப் பருப்புச் சரக்கைப் பார்க்க எதிர்த்தரப்பு ஆய்வாளர் சென்னையிலிருந்து வந்திருந்த நேரம். நோயாளி எழுதிய அறிக்கை என்று அவர் சொல்ல இடம்கொடுக்கக் கூடாதென்று, அலுவலக அறையைப் பூட்டிக்கொண்டு படுத்தேன். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கிருமிக்கொல்லி மாத்திரைகளை விழுங்கினேன். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டேன்.

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. "இதத்தான் சார் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாமல் ஒடுக்கிவைத்திருக்கக்கூடும் என்று விளக்கினார். மீண்டும் இரத்தம் எடுத்து, புட்டிகளை வழக்கத்தைவிட நெடுநாள் வைத்திருக்கச் சொன்னார். உணவுக்குழாய் வழியாக எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிப்பது) எடுத்தார். வால்வின் விளிம்பில் ஒரு கிருமித் திரள் அசைந்துகொண்டிருந்தது. எண்டோகார்டைட்டிஸ் (இதயத்தின் உட்சவ்விலும் வால்விலும் கிருமி தங்கும் நோய்). பிந்திய புட்டியில் வளர்ந்ததும் வாயில் வாழும் கிருமியே. இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் அத்திரளில் ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருக்கலாம் என்றார்.

ஆறு வாரம் நரம்பூசி வழியாக மருந்து ஏறியது. அந்நாள்களில் கெரட்டினைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஓர் இழையின் கந்தக அணு அடுத்த இழையின் கந்தக அணுவைப் பிடித்துக்கொள்வதே அதன் உறுதி. கல்லூரியில் ஒரு வரியாகப் படித்துத் தேர்வில் எழுதியது அது. முடி கருகினால் எழும் வாடையும் அந்தக் கந்தகத்தினுடையதே. நீரில் கரையாத, வளைந்தும் முறியாத இப்படியொரு பொருளை உடல் வெறும் உணவிலிருந்து ஓசையின்றிச் செய்துகொள்கிறது. அதை மாதமிருமுறை வெட்டி எறிந்துவந்திருக்கிறேன். அதன் மீதும், அதைப் படிக்கத் தெரிந்த அந்த இளம் மருத்துவர் மீதும் எனக்கு உண்டான மதிப்பை இங்கே பதிவுசெய்வது கடமை.

இதே படுக்கையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். விழுங்கிய மாத்திரை எதுவானாலும், அரை மாத்திரையானாலும், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீடு திரும்பியபின் அந்தப் பள்ளம் நுனியை நோக்கி நகர்வதைப் பார்த்திருந்தேன். சித்திரை வெயிலில் ஒரு காலை அதை வெட்டினேன். பின்னால், மருத்துவமனை நாள்களுக்குரிய இரண்டாவது பள்ளம், சற்று ஆழம் குறைந்ததாக, வந்துகொண்டிருந்தது. கப்பல் வரும் நாள், போகும் நாள் என்றே காலத்தை அறிந்திருந்த எனக்கு, அது இப்போது விரல் நுனியில், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நகர்கிறது. என் உடல் என்னைக் கேட்டுக்கொண்டு எதையும் எழுதுவதில்லை.

"அத்தான் தானா முன்வந்து டாக்டர்ட்ட எல்லாத்தையும் சொன்னாவ, அதான் பிழைச்சாவ" என்று சேவியர் கோயில் வாசலிலும் துறைமுகத்திலும் சொல்லிவருகிறார். அன்பினால் சொல்கிறார். அது சரியன்று. மூன்று முறை கேட்கப்பட்டேன். மூன்று முறையும் இல்லை என்றேன். நகத்தில் அளவுகோலை வைத்த பிறகே சொன்னேன்.