ஒரு நிமிடம், பத்து நொடி

எட்னா பிரியர்லியை நல்லவள் என்று எதிரி ஊரே கொண்டாடியது. அவளுக்கு வந்த கேடு அதுதான்.

கார்பி லேன் சுரங்கத்தின் கேண்டீனில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் அவள். காலை ஷிஃப்ட் இறங்குமுன் பேக்கன் வைத்த ரொட்டி, ஏறி வந்ததும் டீ. கணவர் ஃப்ராங்க் ஊர் ரக்பி லீக் கிளப்பின் நேரக்காரர். நிலக்கரித் தூசி அவர் நெஞ்சை அடைத்த வருஷம், அவருடைய ஸ்டாப்வாட்ச்சை எட்னா தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். தற்காலிகம் என்றுதான் கமிட்டி சொன்னது. ஃப்ராங்க் போய்ச் சேர்ந்தார். யார்க்‌ஷயர் மழையில் எண்பது நிமிடம் நாற்காலியில் உட்கார வேறு யாரும் முன்வரவில்லை. பதினேழு வருஷம் ஓடிவிட்டது.

ஆளுக்கொரு கிளப்பிலிருந்து இரண்டு நேரக்காரர்கள், ஒரே மேசை, நடுவில் ஒரு சங்கு. இரண்டு கடிகாரமும் ஒத்துப்போனால்தான் சங்கை ஊதலாம். ஆள் அடிபட்டு விழுந்தாலும் நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்; நடுவர் மேசைப் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினால் மட்டும் நிறுத்த வேண்டும்.

பக்கத்து ஊரான ஸ்வின்தார்ப்பின் நேரக்காரர் ஹெரால்ட் அக்ராய்ட், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். இரண்டு ஊருக்கும் நடுவே மூன்று மைல்தான். இருந்தும் கார்பி லேன்காரன் அங்கே பெண் எடுத்தால் கல்யாணத்துக்குப் பாதி உறவு வராது. அந்தப் பகை மேசைக்கு மட்டும் வந்ததில்லை. ஹெரால்ட் அடிக்கடி கேட்பார், "எவ்வளவு இருக்கு கண்ணு?" எட்னா சொல்வாள். அவர் தன் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைப்பார். மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்ட பழக்கம்.

எழுபத்தாறாம் வருஷம் மே மாதம், கோப்பையின் இறுதியாட்டத்தில் இந்த இரண்டு கிளப்பும் மோதின. கார்பி லேன் அந்தக் கோப்பையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. கேப்டன், எட்னாவின் மகன் டெரிக். வயது முப்பத்திநாலு. மூன்று இறுதியாட்டம் ஆடி மூன்றிலும் தோற்றவன். வலது முழங்கால் தேய்ந்துபோய், இதற்குமேல் ஆடினால் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. இன்று விட்டால் இல்லை.

காலையில் அந்தக் காலுக்கு எட்னாதான் கட்டுப் போட்டாள்.

"இன்னைக்கு ஒருநாள் தாங்கினா போதும்மா. நாளைக்கு வெட்டி எறியட்டும்."

"வாயை மூடுடா. காலை நீட்டு."

ஆட்டத்தில் கார்பி லேன் ஒன்பதுக்கு ஏழு என்று முன்னால் நின்றது. நேரம் குறையக் குறைய மேசைக்குப் பின்னாலிருந்த ஸ்வின்தார்ப்காரர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருவன் குனிந்து, "ஏம்மா, உன் வாட்ச்சுக்குச் சாவி கொடுத்தியா, இல்ல உன் பையன் மாதிரி பாதியில நின்னுடுமா?" என்றான்.

எட்னா திரும்பவில்லை. "உன் வாய் ஓயுற வரைக்கும் இது ஓடும்."

கடைசி நிமிடத்துக்குச் சற்று முன், பந்தோடு ஓடி வந்தவனை டெரிக் மடக்கித் தள்ளினான். மற்றவன் எழுந்தான்; டெரிக் எழவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு சேற்றில் புரண்டான். கூட்டம் மூச்சடைத்து நின்றது. எட்னாவுக்கு மட்டும் புரிந்தது. அவன் பிடித்திருந்தது இடது காலை. நேரத்தைத் தின்கிற அவசரத்தில் எந்தக் கால் என்று மறந்துவிட்டான்.

அந்த நேரத்தில்தான் நடுவர் மேசைப் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். அவள் கட்டைவிரல் பொத்தானை அமுக்கிவிட்டது.

பக்கத்திலிருந்து குரல் வந்தது. "எவ்வளவு இருக்கு கண்ணு?"

"ஒரு நிமிஷம், பத்து நொடி. கை காட்டிட்டார். நிறுத்துங்க."

ஹெரால்ட் பதறிப்போய்த் தன் கடிகாரத்தை நிறுத்தினார். நடுவர் கை காட்டியதை அவர் பார்க்கவே இல்லை.

டெரிக் ஐம்பது நொடி கிடந்தான். கடிகாரம் ஓடியிருந்தால் மிச்சம் இருபதுதான். எழுந்து நொண்டிக்கொண்டே இடத்துக்குப் போனபோது, ஆட்டம் ஜெயித்து முடிந்த மாதிரிதான் அவன் முகம் இருந்தது. சங்குக்குப் பத்து நொடி இருக்கையில் ஸ்வின்தார்ப்காரன் ஒருவன் பந்தோடு மூலையில் கோட்டைத் தாண்டி விழுந்தான்; டிரை, மூன்று புள்ளி. பத்துக்கு ஒன்பது, கோப்பை அவர்களுக்கு.

அதோடு போயிருந்தால் தலைவிதி என்று விட்டிருப்பார்கள். மாலை கிளப் பாரில் இரண்டு ஊரும் முறைத்துக்கொண்டு நின்றபோது, ஹெரால்ட் பெருந்தன்மையாக ஒரு நாற்காலிமேல் ஏறினார். தான் நடுவரின் கையைக் கவனிக்கவில்லை, எட்னா வாய் திறக்காமல் இருந்திருந்தால் கோப்பை கார்பி லேனுக்கே போயிருக்கும், சொந்த மகன் கேப்டனாக நின்றும் இவள் நியாயம் தவறவில்லை என்று அத்தனை பேர் காதிலும் போட்டார். கண் கலங்கித் தன் கிளாஸை உயர்த்தினார். கார்பி லேன் பக்கத்தில் ஒரு கிளாஸும் உயரவில்லை.

வீட்டுக்கு வந்து டெரிக் ஒன்றுதான் கேட்டான்.

"எந்தக் காலைப் பிடிச்சேன்னு நீ பார்த்தியாம்மா?"

"பார்த்தேன்டா."

அவன் தலையசைத்தான். சாப்பிட வைத்ததைத் தொடவில்லை. அடுத்த மாதம் பெண்டாட்டி பிள்ளைகளோடு டான்காஸ்டர் பக்கம் வேலை மாற்றிக்கொண்டு போனான். கிறிஸ்துமஸுக்கு அட்டை வந்தது, மருமகள் கையெழுத்தில்.

கமிட்டி செயலாளர் சிட் மோக்சன் கேண்டீனுக்கே வந்தார். ரொம்ப வருஷம் உழைத்துவிட்டாய், ஓய்வெடுத்துக்கொள் என்றார். ஸ்டாப்வாட்ச் ஃப்ராங்குடையது என்றாள் எட்னா. கிளப் வாங்கிக் கொடுத்தது என்றார் அவர். கழற்றிக் கொடுத்தாள்.

அந்த வருஷ இலையுதிர் காலத்தில் ஹெரால்ட் அவள் வீட்டுக்கு வந்தார். ஸ்வின்தார்ப் கிளப்பின் விருந்துக்கு அவளைக் கௌரவ விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். டீயைக் குடித்துக்கொண்டே ஒரு ரகசியம் சொன்னார். ஒரு வருஷமாகவே அவருக்குக் கண்ணில் புரை. எதிரே நிற்பவன் கையும் தெரியாது, கடிகார முள்ளும் தெரியாது. அவள் சொல்கிற எண்ணை வைத்துத்தான் தலையாட்டிக்கொண்டிருந்தாராம்.

எட்னா தன் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். பிறகு, "அது எனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன் ஹெரால்ட்," என்றாள்.

"சும்மா சொல்ற."

"நீங்க கேட்டீங்க, வாய் சொல்லிருச்சு. நியாயமும் இல்ல, மண்ணும் இல்ல. யோசிக்க ஒரு நொடி கிடைச்சிருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன். இன்னைக்குக் கேட்டாலும் பொய்தான் சொல்லுவேன்."

ஹெரால்ட் சிரித்து அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "அதான் கண்ணு உன் குணம். செஞ்ச நல்லதைக்கூட ஒத்துக்க மாட்ட."

விருந்துக்கு அவள் போகவில்லை. அவள் பெயரைச் சொன்னதும் ஸ்வின்தார்ப்காரர்கள் எழுந்து நின்று கைதட்டியதாகச் செய்தித்தாளில் வந்தது. மறுநாள் காலை அந்தப் பக்கத்தை யாரோ வெட்டி, கேண்டீன் சுவரில், அவள் நின்று டீ ஊற்றும் இடத்துக்கு நேர் எதிரே ஒட்டியிருந்தார்கள்.