சொந்த கோர்ட்

ஜெயமணிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவளோடு முட்டி மோதி ஆடிய எங்களுக்கெல்லாம் அது தெரியும். நான் லம்பா லைன் கூடைப்பந்து அணிக்காரி. சீசனின் கடைசி ஆட்டத்து ஞாயிற்றுக்கிழமை நடுவராக விசிலோடு போயிருந்தேன்.

அவளுடைய பெற்றோர் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்து குடியேறியவர்கள். ஜெயமணி போர்ட் பிளேரில் படித்து, ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் டிக்கெட் கவுன்ட்டர் வேலைக்குச் சேர்ந்தாள். கடலுக்கடியில் கேபிள் வந்து இன்டர்நெட் ஒழுங்கான பிறகு, ஐரோப்பியப் பெண்கள் கிளப் கூடைப்பந்து ஆட்டங்களைச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பார்ப்பாள். துருக்கி கிளப் ஸ்பெயினுக்குப் போய் ஆடும். ஸ்பெயின் கிளப் துருக்கிக்கு வந்து ஆடும். மாதக்கணக்கில் இப்படியே ஓடும். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது.

"நம்மள ஜனவரி இருபத்தாறுக்குக் கூப்பிட்டு ஒரு மேட்ச் ஆடவச்சு அனுப்பிடறாங்க. நமக்கு மட்டும் ஏன் சீசன் கிடையாது?"

அந்தக் கேள்வியோடு எங்களை அலையவிட்டு, மூன்று கிளப்புகளைச் சேர்த்தாள். போர்ட் பிளேரில் அவளுடைய ஃபீனிக்ஸ் பே, எங்கள் லம்பா லைன்; பஸ்ஸில் பல மணி நேரத் தொலைவில் ரங்கத். ஒவ்வொருவரும் மற்றவரைச் சொந்த கோர்ட்டில் ஒருமுறை, அவர்கள் கோர்ட்டில் ஒருமுறை சந்திக்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் தொடங்கினோம். கடைசி ஆட்டம் ஃபீனிக்ஸ் பேயில், ரங்கத்தோடு. நாங்கள் புள்ளிகளில் பின்தங்கிவிட்டதால், அதில் ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை. முந்தின நாள்தான் ஜெயமணியும் அவள் ஆட்களும் முழங்காலில் உட்கார்ந்து கோர்ட்டுக்கு வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள்.

ஞாயிறு காலையில் போனால் அங்கே பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு கூடையைப் பலகையோடு கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில் கடப்பாரையால் சிமென்ட்டை உடைத்து இரும்புக் கம்பம் நட்டிருந்தார்கள். ஆண்கள் கிரிக்கெட் கோப்பைக்கு அன்று மாலை தொடக்க விழாவாம்.

மைதானக் கமிட்டிச் செயலாளர் முருகானந்தம் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஜெயமணி நேரே அவரிடம் போனாள்.

"இன்னிக்கு எங்க மேட்ச் சார். நீங்கதான் தேதி குடுத்தீங்க."

"அரே, கல் பர்சோ, நாளைக்கோ மறுநாளோ ஆடிக்கோங்க. பொண்ணுங்க ஆட்டம்தானே, எங்க ஓடிப்போகுது?"

"ரங்கத்து டீம் வந்துட்டிருக்கு."

"வரட்டும், சாப்பாடு போடச் சொல்றேன். சாயங்காலம் சீஃப் கெஸ்ட் வர்றப்ப ஒரு ஆறு பேர் யூனிஃபார்மோட நின்னு பொக்கே குடுங்க. பேப்பர்ல போட்டோ வரும்."

ஜெயமணியின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகக் கேட்கும் அளவு இறங்கியது. "பொக்கே குடுக்க நாங்க டீம் வைக்கல சார்."

அதற்குள் ரங்கத் அணி வந்து இறங்கியது. விடியுமுன் பஸ் ஏறி, காட்டுப்பாதையில் போலீஸ் காவலோடு வரிசையாக விடும் கான்வாய்க்குக் காத்துக் கிடந்து, வண்டியோடு படகில் ஏறி வந்தவர்கள். அவர்களுடைய கேப்டன் ரூபா பந்தலைப் பார்த்தாள், பிறகு ஜெயமணியைப் பார்த்தாள்.

சொந்த கோர்ட்டைத் தர முடியாத அணி தோற்றதாகக் கணக்கு என்று சீசன் தொடங்கும்போதே பேசி வைத்திருந்தோம். ஜெயமணி அதைத்தான் சொன்னாள். "நாங்க தோத்துட்டோம். கப் உங்களுக்கு."

அவள் அணி நளினி துடித்துப்போனாள். "அக்கா, அடுத்த வாரம் ஆடலாமே! அந்தாளு செஞ்ச வேலைக்கு நாம ஏன் தோக்கணும்?"

"இவங்க மறுபடி இவ்வளவு தூரம் வரணுமா? வந்தா மறுபடி பந்தல் இருக்காதுன்னு நீ சொல்லுவியா?"

ரூபா பையைத் தரையில் போட்டாள். "என்ன, பிச்சை போடறியா? ஆடாத கப்பை எடுத்துட்டுப் போய் ரங்கத்துல எப்படிக் காட்டுவேன்?"

இருவரும் முட்டிக்கொண்டார்கள். யாரோ செய்த அநியாயத்துக்கு இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நான் விசிலை ஊதினேன். பந்தல்காரர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "கோர்ட் ரங்கத்துல இருக்குல்ல? அடுத்த ஞாயிறு அங்க வச்சுக்கலாம். இந்தத் தடவை நாங்க பஸ் ஏறறோம்" என்றேன்.

ரூபா பையை எடுத்தாள். "வாங்க. ஆனா விட்டுக் குடுத்து ஆடினா கொன்னுடுவேன்."

அன்று மாலை சீஃப் கெஸ்டுக்குப் பொக்கே கொடுக்க ஒருத்தியும் போகவில்லை.

ரங்கத்தில் பஜார்க்காரர்கள் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து கோர்ட்டைச் சுற்றி நின்றார்கள். ஜெயமணி அந்த ஆட்டத்தை ஆத்திரத்தோடுதான் ஆடினாள். மோதி மோதி ஐந்தாவது ஃபவுலை வாங்கினாள். விசில் ஊதி அவளை வெளியே அனுப்பியவள் நான்தான். அதன்பிறகு ஃபீனிக்ஸ் பே தாக்குப்பிடிக்கவில்லை. ரங்கத் ஜெயித்தது. ரூபா கோப்பையைத் தூக்கியபோது ஜெயமணி கைதட்டினாள், ஆனால் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை முருகானந்தம் அவளுக்குப் போன் செய்தார். கமிட்டியின் ஆண்டறிக்கையில் 'பெண்கள் விளையாட்டு வளர்ச்சி' என்று ஒரு பக்கம் இருக்கிறதாம், ஃபைனல் போட்டோ ஒன்று வேண்டுமாம்.

"அது ரங்கத்து கோர்ட் சார்," என்றாள் ஜெயமணி. "உங்க கோர்ட்ல நீங்க நட்ட கம்பத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்க."

இப்போது அடுத்த சீசன் நடக்கிறது. ஃபீனிக்ஸ் பே தன் சொந்த ஆட்டங்களை எங்கள் லம்பா லைன் கோர்ட்டில் ஆடுகிறது. ஃபீனிக்ஸ் பே கோர்ட்டில் கம்பம் நட்ட குழியை அடைத்துவிட்டார்களாம். ஜெயமணி போய்ப் பார்க்கவில்லை.