தோற்றவன் அழைக்க வேண்டும்

லேலண்ட் க்ராஃபுக்கும் அவர் தம்பி வெர்னனுக்கும் இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மட்டும் விலக்கு. அன்று தரைப்படைக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தாட்டம். அது முடிந்ததும் ஒருவர் மற்றவரைத் தொலைபேசியில் அழைப்பார். நான்கு நிமிடம், சில ஆண்டுகளில் ஐந்து. பிறகு அடுத்த டிசம்பர்தான்.

நான் லேலண்ட் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருக்கிறேன். என் மனைவி இறந்த 2009ஆம் ஆண்டு முதல் அந்த ஆட்டத்தை அவர் வீட்டில்தான் பார்க்கிறேன். எங்கள் ஊரின் மழையையும் பனியையும் நாற்பத்தாறு ஆண்டுகளாக அளந்து வானிலைத் துறைக்கு அனுப்பி வருபவன் என்பதால், எதையும் குறித்து வைப்பது பழகிவிட்டது. எனவே இதையும் குறித்தேன்: ஆட்டத்தின் புள்ளிகள், அழைத்தவர் பெயர், அழைப்பு வந்த நேரம், நீடித்த நேரம். இங்கே எழுதுவது அந்த நோட்டிலிருந்தும் நேரில் பார்த்ததிலிருந்தும் லேலண்ட் சொன்னதிலிருந்தும்தான்.

லேலண்ட் இதே தெருவில், சஸ்கேஹானா ஆற்றுப் பக்கத்துக் கடைசி வீட்டில் பிறந்தவர். பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஒரு சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் வேலை பார்த்தார். அங்கே அவருடைய வலது காது போயிற்று. திரும்பி வந்து எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியின் கொதிகலனை முப்பத்தோரு ஆண்டுகள் கவனித்துக்கொண்டார். குளிர்காலத்தில் விடிவதற்கு வெகு முன்பே எழுந்து போய்விடுவார். பிள்ளைகள் வரும்போது வகுப்புகள் வெதுவெதுப்பாக இருக்கும். யார் செய்தது என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது. மனைவி ஆர்லீன் 2006இல் இறந்தார். பிள்ளைகள் இல்லை.

வெர்னன் இரண்டு வயது இளையவர். தரைப்படையில் லாரி ஓட்டியவர். பிறகு ஒஹாயோவில் குடியேறிவிட்டார். அண்ணன் தம்பி இருவருமே அந்தக் கல்லூரிகளின் வாசலைக்கூட மிதித்ததில்லை. அங்கே படிப்பவர்கள் அதிகாரிகளாக வெளியே வருபவர்கள். ஒருமுறை லேலண்டிடம் கேட்டேன்.

"அந்தப் பசங்களுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்னு இப்படிக் கத்துற?"

"இவனுங்க நாளைக்கு என்ன மாதிரி ஆளுங்களுக்கு ஆர்டர் போடப் போறவனுங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது மண்ணுல உருளுறதப் பாக்கணும்ல."

அந்த ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முடிந்ததும் இரண்டு அணிப் பையன்களும் சேர்ந்து, தோற்ற கல்லூரியின் மாணவர்கள் நிற்கும் பக்கம் போவார்கள். அந்தக் கல்லூரிப் பாட்டு முதலில் பாடப்படும். பிறகு எல்லாரும் மைதானத்தைக் கடந்து ஜெயித்தவர்கள் பக்கம் போய் அவர்கள் பாட்டைப் பாடுவார்கள். இரண்டாவதாகப் பாடுவதற்காகத்தான் ஆட்டமே. படையிலிருந்து திரும்பிய நாள் முதல் சகோதரர்கள் இதை வைத்து ஒரு விதி வைத்திருந்தார்கள். பையன்கள் தோற்ற பக்கம் நடக்கத் தொடங்கும்போதே, தோற்ற அணிக்காரன் மற்றவனைத் தொலைபேசியில் அழைத்து, "நீதான் ரெண்டாவதா பாடுற" என்று சொல்ல வேண்டும். பிறகு இரண்டு வீட்டிலும் எழுந்து நின்று, தொலைபேசியை வைக்காமல், இரண்டு பாட்டையும் கேட்க வேண்டும்.

2001 மார்ச்சில் அவர்களுடைய அம்மா இறந்தார். கடைசி ஆறு ஆண்டுகள் வெர்னனோடு இருந்தவர். இங்கே மேட்டுக் கல்லறையில் அப்பாவின் கல்லிலேயே அம்மாவின் பெயரும் பிறந்த ஆண்டும் செதுக்கி, பக்கத்தில் இடமும் விட்டிருந்தார்கள். வெர்னன் அம்மாவை ஒஹாயோவிலேயே அடக்கம் செய்துவிட்டார். அம்மா அப்படித்தான் கேட்டார் என்றார் அவர். கேட்டிருக்கவே மாட்டார் என்றார் லேலண்ட். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் அந்த டிசம்பரில் கடற்படை தோற்றது. லேலண்ட் அழைத்தார். அடுத்த பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து தரைப்படை தோற்றது. பதினான்கு முறையும் வெர்னன் அழைத்தார். அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர இருவரும் ஒரு சொல் அதிகம் பேசியதில்லை. ஒஹாயோத் தொலைக்காட்சியில் பாட்டு ஒரு நொடி பிந்தி வரும். லேலண்டின் காது மந்தத்துக்காகத் தொலைபேசியின் ஒலியைக் கூட்டி வைத்திருப்பதால் எனக்கும் அது கேட்கும். எங்கள் அறையில் ஒரு தரம், தொலைபேசியில் ஒரு தரம்.

2024 டிசம்பர் 14 அன்று மதியம் இரண்டரைக்கு லேலண்ட் வீட்டுக்குப் போனேன். பன்றி எலும்பும் அவரை விதையும் போட்ட சூப் அடுப்பில் இருந்தது. ஆர்லீனின் நாற்காலியில் நான் உட்காருவதில்லை. சமையலறையிலிருந்து ஒன்றை இழுத்துப் போட்டுக்கொள்வேன். மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கடற்படை 31, தரைப்படை 13. கடைசி அரை மணி நேரத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை.

பையன்கள் தரைப்படைப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். லேலண்ட் எழுந்து நின்று தொலைபேசியை இடது கையில் எடுத்துக்கொண்டார். முதல் பாட்டு முடிந்தது. தொலைபேசி ஒலிக்கவில்லை. இரண்டாவது பாட்டும் முடிந்தது. விளம்பரம் வந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"உன் கடிகாரம் ஓடுதா?"

"ஓடுது."

"அவன் டிவி எப்பவும் பிந்தித்தான் வரும்."

"ஒரு நொடிதான் லேலண்ட். பாட்டு முடிஞ்சு ஆறு நிமிஷம் ஆச்சு."

"அந்தப் புது எடத்துல டிவி எப்படியோ."

வெர்னன் அந்த வசந்தத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தார். ஈஸ்டருக்கு அவர் மகள் ஜாய்ஸ் அனுப்பிய வாழ்த்து அட்டையில் புது எண் இருந்தது. லேலண்ட் அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தார்.

இருபது நிமிடம் போயிற்று. சூப்பை அவர் கிண்ணத்தில் ஊற்றினேன். அவர் அதைத் தொடவில்லை.

"நீயே கூப்பிட்டா என்ன?" என்றேன்.

"ஜெயிச்சவன் கூப்பிட்டா அது குத்திக்காட்டுறது. எழுபத்து நாலுல ஒரு தடவ அப்படிச் செஞ்சேன். ஈஸ்டர் வரைக்கும் அவன் பேசல. அப்போ அம்மா நடுவுல இருந்தாங்க."

"அப்ப நான் கூப்பிட்டுக் கேக்கட்டுமா?"

"நீ யாரு? நீ மழை அளக்குறவன்."

பிறகு அவராகவே சொன்னார். "செத்துப் போயிருந்தா ஜாய்ஸ் சொல்லியிருப்பா. சாகலன்னா, அவனுக்கு வேணாம்னு ஆயிடுச்சு. வேற என்ன இருக்கு, சொல்லு." அந்த நான்கு நிமிடத்தைத் தவிர அவருக்கு உறவென்று இந்த உலகத்தில் எதுவும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆறு ஐம்பத்தெட்டுக்கு அவர் குளிர்பதனப் பெட்டியருகே போய், அட்டையைப் பார்த்து எண்களை அழுத்தினார். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?"

"நான்தான்."

"இப்பத்தான் நம்பர் கெடச்சுதா?" வெர்னனின் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது. "தோத்தா போன் பண்ண முக்கா மணி நேரம் வேணுமோ உனக்கு? இங்க நாங்க பத்துப் பேரு கத்திக் கத்தித் தொண்டை போச்சு. பதினேழு, பதினொண்ணு. ம், வாயத் தொறந்து சொல்லு."

லேலண்ட் தொலைபேசியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பதினேழு பதினொண்ணுங்கறான்."

நோட்டில் ஒரு பக்கம் பின்னால் புரட்டினேன். "அது போன வருஷத்து ஆட்டம்."

அந்தப் பக்கத்தில் விவரம் இருந்தது. 2023: தரைப்படை 17, கடற்படை 11. அழைத்தவர் லேலண்ட். ஒரு நிமிடம் ஐம்பது நொடி. வெர்னன் இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் மயக்க மருந்தில் கிடந்தார். ஜாய்ஸ் அவர் காதில் தொலைபேசியை வைத்திருந்தாள். மூச்சு மட்டும் கேட்டது. ஆக, அந்த ஆட்டத்தை அவர் பார்க்கவே இல்லை. எப்படியோ இன்று அதைப் பார்த்துவிட்டு, இன்றைய ஆட்டம் என்று நினைத்திருக்கிறார். முக்கால் மணி நேரமாக அவர் அங்கே அண்ணனின் அழைப்புக்குக் காத்திருந்திருக்கிறார்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றது தொலைபேசி.

லேலண்ட் கையை எடுத்தார். "வெர்னன், நீதான் ரெண்டாவதா பாடுற."

"அப்படி வா வழிக்கு. ஏன் இவ்ளோ லேட்டு?"

"சூப்பு அடிப்பிடிச்சுப் போச்சு."

"நீ வெக்கிற சூப்பு அடிப்பிடிச்சாத்தான் ருசி" என்று சொல்லிவிட்டு வெர்னன் வைத்துவிட்டார். ஒரு நிமிடம் நாற்பது நொடி. இருபத்து மூன்று ஆண்டுகளில் விதிக்கு வெளியே அவர்கள் பேசிய முதல் பேச்சு அது.

லேலண்ட் உட்கார்ந்து ஆறிப்போன சூப்பைக் குடித்தார்.

"தப்பு பண்ணிட்ட" என்றேன். "நாளைக்குப் பேப்பர்ல வரும்."

"வரட்டும். பத்துக் கெழவனுங்க மூணு மணியிலேர்ந்து சந்தோஷமா கத்தியிருக்கானுங்க. அத நான் புடுங்கணுமா?"

"தெரிஞ்சா அவருக்கு எப்படி இருக்கும்?"

கரண்டியைக் கீழே வைத்தார். "பாவம் பாத்தேன்னு நெனப்பான். நெனச்சா அப்புறம் கூப்பிட மாட்டான். அவன எனக்குத் தெரியும்." பிறகு, "நோட்டுல என்ன எழுதப் போற?"

"நடந்ததத்தான்."

"அழைத்தவர்ங்கற எடத்துல?"

"லேலண்ட்."

"ஜெயிச்சது கடற்படை, கூப்பிட்டது லேலண்ட். நல்லா இருக்கு." அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலை ஏழு மணிக்கு மழைமானியில் ஒன்றும் இல்லை. தேவாலயத்துக்குப் போகாமல் பதினொரு மணிக்கு லேலண்ட் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை வரச் சொல்லியிருக்கவில்லை, ஆனால் கதவைத் திறந்தவர் ஏன் வந்தாய் என்று கேட்கவும் இல்லை. காப்பி போட்டார். தொலைபேசி மேசை மேல் இருந்தது. முந்தைய இரவு உடுத்திய சட்டையிலேயே இருந்தார்.

பதினொன்று இருபத்திரண்டுக்குத் தொலைபேசி ஒலித்தது.

"பேப்பர் பாத்தேன்" என்றார் வெர்னன்.

"ம்."

"முப்பத்தொண்ணு, பதிமூணு."

"ஆமா."

"இங்க இருக்கற பொண்ணு ஒண்ணு, அந்தச் சேனல் வரலன்னு போன வருஷத்துத போட்டுவிட்டிருக்கு. கெழடுகளுக்கு என்ன தெரியப்போகுதுன்னு." பிறகு, "நேத்து நீ தெரிஞ்சுதான் சொன்னியா?"

லேலண்ட் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஆமா."

இருபது நொடி ஒன்றும் கேட்கவில்லை. என் கண் கடிகாரத்தில் இருந்தது. அதனால் இருபது என்று உறுதியாகச் சொல்வேன்.

"இனிமே அப்படிச் செய்யாத."

"சரி."

"தோத்தது நான். கூப்பிட வேண்டியது நான். கூப்பிட்டுட்டேன். நீதான் ரெண்டாவதா பாடுற."

வழக்கப்படி அதன் பிறகு பேச்சு இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை. தொலைக்காட்சியில் ஒரு சமையல் நிகழ்ச்சிதான் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கேட்பதற்குப் பாட்டு இல்லை. இருவரில் யாரும் தொலைபேசியை வைக்கவும் இல்லை. லேலண்ட் எழுந்து நின்றார். நானும் எழுந்தேன்.

அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு வெர்னன் தரைப்படைப் பாட்டைத் தனியாகப் பாடத் தொடங்கினார். மெல்லிய குரல், மேல் சுருதியில் உடைந்தது. நடுவில் இருமினார், நிறுத்தி மூச்சு வாங்கினார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முடிந்ததும், "ம், நீ" என்றார்.

லேலண்ட் பாடினார். பள்ளிக் கொதிகலன் அறையில் அவர் பாடுவார் என்று ஆர்லீன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் கேட்டது அன்றுதான். ஒரு காது இல்லாதவர் பாடுவது போலத்தான் இருந்தது, சத்தம் மட்டும் அதிகம். கடைசி வரிக்கு வெர்னன் மெதுவாகக் கூடச் சேர்ந்துகொண்டார்.

"சரியாப் போச்சு" என்றது தொலைபேசி. வைத்துவிட்டார். ஐந்து நிமிடம் முப்பத்தைந்து நொடி. என் நோட்டில் அதுதான் நீளமானது. அம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. இடுப்பு எப்படி இருக்கிறது என்று இவரும் கேட்கவில்லை.

லேலண்ட் உட்கார்ந்தார். வெகு நேரம் கழித்து, "மூணாவது வரிய விட்டுட்டான்" என்றார்.

"இருமல்ல போயிருக்கும்."

"இல்ல. அவனுக்கு அந்த வரியே தெரியாது. இத்தன வருஷமா டிவி சத்தத்துல எனக்குத் தெரியாமப் போச்சு." காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். "அடுத்த ஆட்டத்துக்கு எத்தன நாளு?"

சட்டைப் பையிலிருந்த சின்ன நாட்காட்டியைப் பார்த்து எண்ணினேன். "முன்னூத்தி அறுபத்து மூணு."

"அதுல தோத்தா நான் கூப்பிடுவேன்."

"ஜெயிச்சா?"

அவர் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சூடாவதற்காக விரலை நீட்டி நின்றுகொண்டிருந்தார். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.