வேட்டுச் சத்தம் இல்லாமல்

போன மாதம் பால்ச்சாமி சாரைத் தூக்கும்போது வேட்டுப் போடவில்லை. எங்கள் வட்டாரத்தில் இது சின்ன விஷயமில்லை. பிள்ளைக்கு மொட்டை போட்டாலும் வெடி, பெரியவர் போய்ச் சேர்ந்தாலும் வெடி. "அப்பா வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காக" என்றாள் அவர் மகள். சிலர் முகம் சுளித்தார்கள். எனக்குக் காரணம் தெரியும். அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் தாயில்பட்டி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்தேன். சார் அங்கே விளையாட்டு ஆசிரியர். தலைமையாசிரியர் இடத்துக்கு யாரும் வராததால் அந்தப் பொறுப்பும் அவரிடமே இருந்தது. கழுத்தில் விசில் தொங்கக் கோப்பில் கையெழுத்துப் போடுவார். போட்டுக்கொண்டே ஜன்னல் வழியாக, "ஏலே, முட்டியத் தூக்கி ஓடுலே" என்பார். அவர் அறையில் தைல வாசனையும் காகிதத் தூசியும் கலந்தே இருக்கும். இன்றைக்கும் மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்தால் எனக்கு வருகைப் பதிவேடு ஞாபகம் வருகிறது.

ஓட்டப் பந்தயத்தை அவர் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை இறக்கித்தான் தொடங்கி வைப்பார். வெடிக்குப் பேர்போன ஊரில் கைக்குட்டையா என்று எனக்கு இளப்பம். நான் விருதுநகர் டவுன்காரன் அல்லவா.

ஒரு விளையாட்டு விழாவன்று, விருந்தினரை வரவேற்க வாசலுக்குப் போகும்போது அதை என்னிடம் கொடுத்தார். "இறக்குனா ஓடுவாக. அம்புட்டுதான் வேலை." கோட்டில் எட்டு மாணவிகள் நின்றார்கள். தூரத்தில் விருந்தினரின் கார் தெரிந்ததும் எனக்குள் ஒரு கலைஞன் விழித்துக்கொண்டான். கைக்குட்டையைச் சட்டைப் பையில் செருகிவிட்டு, விருந்தினர் வரவேற்புக்கென்று ஒளித்து வைத்திருந்த அணுகுண்டு வெடியைச் சுவருக்குப் பின்னால் பற்ற வைத்தேன்.

வெடித்தது. ஒருத்தியும் ஓடவில்லை. எட்டுக் கழுத்தும் பட்டாசுக் கம்பெனிகள் இருக்கிற கிழக்கே திரும்பின, புகை எங்கே எழும்புகிறது என்று பார்க்க. அங்கே சோதனை வெடியெல்லாம் சாயங்காலம்தான் போடுவார்கள். காலை பதினொரு மணிக்கு ஒற்றைச் சத்தம் கேட்டால் விபத்து என்று அர்த்தம். அந்நேரம் அவர்களுடைய அம்மாக்கள் கம்பெனியில் வெடிமருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்த நொடி மைதானமே வாசலை நோக்கி ஓடியது. வாசலைத் தாண்டினால் லோடு லாரிகள் போகிற ரோடு. நானும் ஓடினேன். பற்ற வைத்தவன் நான்தான் என்பது மறந்துபோய், "எந்தக் கம்பெனி, எந்தக் கம்பெனி" என்று கேட்டுக்கொண்டே ஓடினேன். என் விரலிலிருந்து வந்த மருந்து வாசனையே என்னை மேலும் விரட்டியது.

சார் இரும்புக் கதவைச் சாத்தி அதில் முதுகைக் கொடுத்து நின்றார். "நம்ம வெடிதாம்லே. கிளார்க்கு சார் போட்டது. நம்ம சுவத்துக்குப் பின்னால புகை வருது, அங்கன பாருங்க."

கூட்டம் நின்றது. கோட்டில் நின்ற எட்டுப் பேரில் மாரீஸ்வரி என்ற ஒருத்தி மட்டும் நம்பவில்லை. "சும்மா சொல்லுதீக சார். எங்கம்மாவப் பாக்கணும்." இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனி வெடித்து அவள் அப்பா போன அன்றும் பெரியவர்கள் அவளிடம் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

சார் வாதாடவில்லை. "வா தாயி, பாத்துட்டே வந்துருவோம்." மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனார். விருந்தினர் முக்கால் மணி நேரம் வெயிலில் காத்திருந்தார். திரும்பி வந்ததும் அவள் கோட்டில் போய் நின்றாள். என்னிடமிருந்து கைக்குட்டையை வாங்கிச் சாரே இறக்கினார். எத்தனையாவதாக வந்தாள் என்று தெரியாது. குறிக்க வேண்டிய நான் அதற்குள் அலுவலக அறையில் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

சாயங்காலம் சார் என் அறைக்கு வந்தார். ராஜினாமாக் கடிதத்தில் 'மதிப்பிற்குரிய ஐயா' வரைக்கும் எழுதியிருந்தேன்.

"ஒங்க வீட்டாளுக யாரும் கம்பெனியில இருக்காகளா?"

"இல்ல சார்."

"பெறகு எதுக்கு ஓடுனீக?"

"எல்லாரும் ஓடுனாக சார்."

"வாசலுக்கு மொதல்ல வந்தது நீங்கதான்" என்றார்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏதோ மின்சாரக் கருவி கூவித்தான் பந்தயம் தொடங்குகிறதாம்.

வேட்டு இல்லாததால், சாரை எப்போது தூக்குவது என்று போன மாதம் சாவு வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் கோட்டில் நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தோம். அப்போது கிழக்கே ஒரு சத்தம் கேட்டது. பந்தலில் இருந்த அத்தனை கழுத்தும் திரும்பின, என்னுடையதும்தான். புகை இல்லை. லாரி டயராக இருக்கும் என்றார் ஒருவர். கூட்டத்தில் நின்ற மாரீஸ்வரி அதற்குள் போனை எடுத்துவிட்டாள். "யம்மா, எங்கன இருக்க?"

நான் ஓடவில்லை. ஓடினால் வாசல் கதவில் முதுகு கொடுத்து மறிக்க வேண்டிய ஆள் பாடையில் படுத்திருந்தார்.