யேசடியான் ஒப்புக்கொடுத்த மகள்

விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற யேசடியான், 1955இல் திண்டிவனத்துக்கு வந்து சர்ச்சுத் தெருவில் வீடு வாங்கினார். கடவுளுக்குக் காது மந்தம் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். விடியற்காலையில் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்து, அதன் கீழே முழங்காலிட்டு, எதிர்சாரி வீடுகளுக்கும் கேட்கும்படி ஜெபிப்பார்.

"ஆண்டவரே, இந்த நாளிலும் என்னை முழுவதும் உமக்கு ஒப்புக்கொடுக்கிறேன். என் வீடு உம்முடையது. என் மல்லாட்டைக் கொல்லை உம்முடையது. என் ஒரே மகள் சுகிர்தத்தையும் உம் பாதத்தில் வைக்கிறேன். உம் சித்தப்படி எடுத்தாளும்."

ஆண்டவருடைய அந்த வேர்க்கடலைக் கொல்லையில் பக்கத்து வீட்டுக் குப்பம்மாளின் ஆடு நுழைந்துவிட்டால் கல்லெடுத்துக்கொண்டு ஓடுகிறவர் யேசடியான்தான். ஆமென் சொல்லி முடிக்கையில் மனைவி ஜெயம் காப்பியோடு நிற்க வேண்டும். காப்பி ஆறியிருந்தால் அன்றைய பக்தி அந்த இடத்திலேயே முடிந்துபோகும்.

சின்ன வயதிலிருந்து அவருக்குப் பின்னால் முழங்காலிட்டு வந்த சுகிர்தம், பாவம், அந்த ஜெபத்தை நம்பிவிட்டாள். நர்ஸ் படிப்பு முடித்ததும் வேலூர்ப் பக்கம் ஒரு குஷ்டரோக ஆஸ்பத்திரிக்கு மனுப்போட்டாள். வேலை கிடைத்த பிறகுதான் அப்பாவிடம் சொன்னாள்.

"குஷ்டரோகிங்களைத் தொட்டுக்கினு இருக்கப் போறியா? உன்னை எவன் கட்டுவான்?"

"நீங்கதானப்பா தெனமும் என்னை ஒப்புக்குடுத்துக்கினு இருந்தீங்க."

"ஜெபம் வேற, குடும்பம் வேற."

அவளைத் தடுத்து நிறுத்தும்படி கேட்டுப் போதகரிடம் ஓடினார். "ஒப்புக்குடுத்தது நீங்கதானே," என்று போதகர் இழுத்தார்.

"அது ஜெபத்துல சொல்றதுங்க. எல்லாரும் சொல்றதுதான்."

வீட்டுக்கு வந்து மகளின் டிரங்குப் பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜெயம் தன் புடவைகளில் இரண்டைத் துணிப்பையில் வைத்து, மகளைப் பின்வாசல் வழியாக அழைத்துப்போய் ரயிலேற்றினாள்.

மறுநாள் ஜெபத்தில் வீடு வந்தது, கொல்லை வந்தது, சுகிர்தம் வரவில்லை. சொன்னதைக் கடவுள் எடுத்துக்கொள்ளவும் கூடும் என்பது அந்த மனிதருக்கு அப்போதுதான் தெரிந்தது போலும்.

1962இல் அறுப்பின் பண்டிகைக்கு வந்த பேராயர், சுகிர்தத்தின் ஊழியத்தைப் பிரசங்கத்தில் புகழ்ந்து பேசினார். பிரசங்கம் முடிந்ததுதான் தாமதம், யேசடியான் சாட்சி சொல்ல எழுந்தார். ஆபிரகாம் ஈசாக்கைக் கொடுத்ததுபோல் தன் ஒரே பிள்ளையைத் தானே கொண்டுபோய்க் கொடுத்ததாகச் சொன்னார். கண்ணீர்கூட வந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஜெயம் எழுந்தாள். அதுவரை அவள் சபையில் வாய்திறந்து யாரும் பார்த்ததில்லை.

"அவளாத்தாங்க போனா. அவ ரயில் ஏறும்போது இவரு பொட்டியைப் பூட்டி வச்சிக்கினு உக்காந்திருந்தாரு."

"பெத்தவ மனசு, தாங்கல," என்று சபைக்கு விளக்கம் சொல்லிவிட்டு யேசடியான் உட்கார்ந்தார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சுகிர்தம் லீவில் வந்தாள். நம்முடைய ஆபிரகாம் அவளுக்கென்று தனித் தம்ளர், தனித் தட்டு, தாழ்வாரத்து மூலையில் தனிப் பாய் எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார். சுகிர்தம் அந்தத் தம்ளரிலேயே காப்பி குடித்தாள். பார்த்துக்கொண்டிருந்த ஜெயம் அதே தம்ளரை வாங்கித் தானும் குடித்தாள். லீவு முடிந்து மகள் கிளம்பியபோது அவளும் கூடவே கிளம்பினாள்.

"எனக்கு யாரு சமைக்கிறது?" என்றார் யேசடியான். போகிறவளிடம் கேட்க அவருக்கு இருந்தது அந்த ஒரு கேள்விதான்.

அதற்குப்பின் தெருமுனையில் விருத்தாசலம் என்பவர் நடத்திய ஓட்டலில் சாப்பிட்டார். சாம்பாரில் உப்பில்லை என்று தினமும் சண்டை பிடித்தார். மனைவியும் ஊழியத்துக்குப் போய்விட்டதாகக் கேட்டவர்களிடம் சொல்லிவைத்தார்.

1966இல் மாரடைப்பில் போனார். சுகிர்தமும் ஜெயமும் வந்தார்கள். உறவுக்காரர்கள் உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது, "நான் செய்றேன், குடுங்க," என்று சுகிர்தம் வாங்கிக்கொண்டாள். தலையிலிருந்து கால்விரல் இடுக்குவரை, எந்த நோயாளிக்கும் செய்வதுபோல், தன் கையாலேயே அவரைக் கழுவித் துடைத்தாள்.